மீனெண்ணெய்ப் பெரியம்மா

எங்கள் தெருவில் குழந்தைகள் இரண்டு பேருக்குத்தான் பயந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். இன்னொருத்தி என் பெரியம்மா. வாத்தியாராவது ஞாயிற்றுக்கிழமை விட்டுவிடுவார்.

பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி. ராசிபுரத்தில் பட்டு நெய்கிறவர்கள் தெருவில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குடும்பமாக இருந்தோம். முன்கட்டில் இரண்டு தறி, பின்கட்டில் ஒரே அடுப்பு. சுத்த சைவம். முட்டை என்ற சொல்லைக்கூட அம்மா குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள். அந்த வீட்டில் எல்லாரையும்விட ஆசாரம் பார்க்கிறவள் பெரியம்மா. அவள்தான் விடிந்ததும் முதல் வேலையாக மீனெண்ணெய்ப் புட்டியைக் கையில் எடுப்பாள்.

புட்டிக்கு வீட்டுக்குள் இடம் கிடையாது. கிணற்றடிச் சுவரில் ஒரு மாடம், அதில் ஒரு பழைய கரண்டியோடு அது குடியிருந்தது. எங்களை வரிசையாக நிற்க வைத்து, முந்தானையால் தன் மூக்கை மூடிக்கொண்டு, மற்றொரு கையால் ஊற்றுவாள். நான் தறிக்குழிக்குள் இறங்கி ஒளிந்து பார்த்திருக்கிறேன். நெய்கிறவர் கால் வைக்கும் அந்தப் பள்ளத்தில் பெரியப்பாவின் கால்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பு. பெரியம்மா குனிந்துகூடப் பார்க்க மாட்டாள். "ஏனுங்க, உங்க காலுகிட்ட ஒரு எலி இருக்குது, எடுத்து உடுங்க" என்பாள். பெரியப்பா என் பின்னலைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்துவிடுவார். அவருக்கு எந்தக் காலத்திலும் பெரியம்மா பக்கம்தான்.

எண்ணெய் உள்ளே போனதும் ஒரு துண்டு வெல்லம் கிடைக்கும். எங்கள் வேலை அதோடு முடிந்தது. பெரியம்மாவின் வேலை அப்போதுதான் ஆரம்பம். புட்டியை மாடத்தில் வைத்துவிட்டு, கிணற்றில் இறைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் துணியை மாற்றிய பிறகுதான் விளக்கைத் தொடுவாள். மார்கழிப் பனியிலும் இதே கதை. குடித்த நாங்கள் அப்படியே சுற்றிக்கொண்டிருப்போம், தொட்டவள் நடுங்கிக்கொண்டு குளிப்பாள். இதென்ன நியாயம் என்று பெரியப்பா ஒருநாள் கேட்டார்.

"கொழந்தைகளுக்கு அது மருந்துங்க. எனக்கு அது மீனுங்க" என்றாள்.

குளித்த தலையை ஆற்றி, கொண்டை போட்டு, பூ வைப்பாள். பூ என்றால் ஏதோ சாஸ்திரத்துக்கு ஒரு கிள்ளு இல்லை. கனகாம்பரமும் மல்லிகையும் மரிக்கொழுந்துமாக ஒரு கை நிறைய. பெரியப்பா சேலத்துக்குச் சேலை கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வரும்போது வாழையிலைக்குள் பூ வாங்கி வராமல் பஸ்ஸை விட்டு இறங்க மாட்டார். அந்தப் பூ ஒன்றில்தான் அவள் சின்னப் பெண் மாதிரி இருந்தாள். மற்றபடி போலீஸ்காரர் மாதிரி.

இப்போது என் பேத்தி அதே எண்ணெயைத் தங்க நிறத்தில் ஒரு மாத்திரையாக விழுங்குகிறாள். முகர்ந்து பார்த்தேன், ஒரு வாடையும் இல்லை. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

எண்ணெய் காலையில் என்றால், சாயங்காலத்துக்குக் கண். பொழுது சாய்கிற நேரத்தில் தெருவில் எந்தக் குழந்தை கிடைத்தாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலால் கீழ் இமையை இழுத்து, "மேல பாரு சாமி" என்பாள். பிறகு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கண்ணின் வெள்ளையில், ஓரமாக, சோப்பு நுரை காய்ந்த மாதிரி ஒரு புள்ளி இருக்கிறதா என்று தேடுவாள். யார் வீட்டுக் குழந்தை என்ற கேள்வியெல்லாம் இல்லை. ஒரு தடவை சேலத்திலிருந்து வரும் பஸ்ஸில், முன் சீட்டில் தாய் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் இமையை இழுத்துவிட்டாள். குழந்தை வீறிட்டது. அந்த அம்மாள் திரும்பி, "என்னம்மா, திருடவா பாக்கறீங்க?" என்று கத்தினாள்.

"கண்ணத் திருடி நான் என்ன பண்ணப்போறேன்? உம்புள்ளைக்கு கீரை குடுக்கறயா?"

"பேதி புடுங்கும்னு குடுக்கறதில்ல."

"குடுக்காட்டித்தான் புடுங்கும். எங்கூடு ராசிபுரத்துலதான், எறங்கு."

அந்த அம்மாளும் எதற்கோ இறங்கினாள். எங்கள் கிணற்றடியில் நின்ற முருங்கையிலிருந்து ஒரு கட்டுக் கீரை, பழுத்த பப்பாளி ஒன்று, ஒரு மூச்சு அறிவுரை எல்லாம் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போனாள். முருங்கைக்கீரை இல்லாத பண்டம் எங்கள் வீட்டில் வெந்நீர் ஒன்றுதான். ராகி அடையில் கீரை, கம்மஞ்சோற்றில் கீரை, தீபாவளிக்குச் சுட்ட வடையில் கீரை. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, என் வயதுதான், தார் சுற்றுவாள். ஊடை நூலைச் சின்னக் குழலில் சுற்றித் தறிக்குக் கொடுக்கிற அந்த வேலை எங்கள் தெருவில் எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. அவள் பகலெல்லாம் ஒழுங்காகச் சுற்றிவிட்டு, பொழுது சாய்ந்ததும் நூலை அறுத்து அறுத்து வைப்பாள். அறுந்த நுனியைத் தேடுகிறேன் என்று கையால் தரையைத் தடவுவாள். விளையாடப் போகவேண்டும் என்ற திமிரில் செய்கிறாள் என்று அவள் அப்பா முதுகில் வைப்பார். நெசவுக்காரர் வீட்டில் நூலை அறுப்பதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

அடிக்கிற சத்தம் கேட்டுப் போன பெரியம்மா மடியிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து அந்தப் பெண்ணின் காலடியில் போட்டு, "எடு சாமி" என்றாள். அந்தப் பெண் குனிந்து, கொட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவினாள். அவள் அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"மாலைக்கண்ணுங்க. புள்ளைக்குத் தெரியல, அதனால அறுக்குது. நீங்க கறி திங்கறவங்கதானே? ஆட்டு ஈரல் வாங்கிக் குடுங்க" என்றாள் பெரியம்மா. ஈரல் என்று சொன்ன வாயை வீட்டுக்கு வந்து கொப்பளித்தாள்.

அந்தப் பெண்ணுக்குக் கொஞ்ச நாளில் சாயங்காலம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு தெருவில் யாரும் பெரியம்மாவைக் கேலி செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். கேலியும் செய்தார்கள், குழந்தையையும் கொண்டுவந்து காட்டினார்கள்.

ஏன் இப்படி என்று நான் அம்மாவிடம் கேட்டபோது எனக்கு எட்டு வயது இருக்கும். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் பிறப்பதற்கு முன் பெரியம்மாவுக்கு ஒரு பெண் இருந்தாள். மணல்வாரி அம்மை, இப்போது தட்டம்மை என்கிறார்களே, அது போட்டது. அம்மை போட்ட வீட்டில் எண்ணெய் கூடாது, தாளிக்கக் கூடாது, கீரை கூடாது, மாரியாத்தாள் வந்து இருக்கிற இடம். பெரியம்மா எந்த முறையிலும் தவறவில்லை. கூழும் இளநீரும் கொடுத்து, அம்மை இறங்கியதும் மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஆத்தாளை வழியனுப்பிவிட்டுப் பார்த்தால், குழந்தைக்குக் கண் இரண்டும் போயிருந்தது. தறிக் கட்டையைத் தடவித் தடவி நடந்ததாம். சேலத்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு, உணவில் ஜீவசத்து என்று ஒன்று உண்டு, அது இல்லாமல் கண் காய்ந்துவிட்டது, மீனெண்ணெயும் பாலும் கீரையும் கொடுத்திருந்தால் நின்றிருக்கும் என்றாள்.

"எப்பக் குடுத்திருக்கோணுமுங்க?" என்று மட்டும் பெரியம்மா கேட்டாளாம்.

"அம்மை போட்டிருக்கும்போதே" என்றாள் அந்த டாக்டரம்மா.

அடுத்த மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்து அந்தப் பெண்ணும் போய்விட்டாள். பெரியம்மாவுக்குப் பிறகு குழந்தை இல்லை. நாங்கள்தான் இருந்தோம். அன்றிலிருந்து எண்ணெய் குடிக்கும்போது நான் தறிக்குழிக்குள் ஒளியவில்லை. அதன் வாடை மட்டும் அப்படியேதான் இருந்தது.

அந்த வருஷப் பங்குனியில் என் தம்பிக்கு அம்மை போட்டது. மூன்று வயது. அதே மணல்வாரி.

அவன் எண்ணெயை வாங்கி வாங்கித் துப்புகிற பிள்ளை. அதற்கு முன் பல வாரமாகவே சீதபேதியில் கிடந்து தேறாமல் இருந்தான். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. உள்ளே ஒரு சொம்பில் தண்ணீர் வைத்து, வேப்பங்கொத்து சொருகி, மஞ்சள் பூசி, அதுதான் ஆத்தா என்று கும்பிட்டோம். அடுப்பில் தாளிப்பு நின்றது. கிணற்றடிப் புட்டியை அப்பா கொல்லைக் கோடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார். மீன் வாடை ஆத்தாளுக்கு ஆகாது.

நாலைந்து நாளில் தம்பி கண்ணைத் திறக்க மாட்டேன் என்றான். வெளிச்சம் பட்டால் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். பெரியம்மா அவனைத் தூக்கி, இமையை மெல்ல விலக்கிப் பார்த்தாள். "மேல பாரு சாமி" என்று சொல்லவில்லை. கருவிழியில் இருக்கிற மினுக்கம் போய், ஈரம் வற்றிய தரை மாதிரி மங்கிக் கிடந்ததாம். அவள் அதை முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறாள்.

"தம்பி, எண்ணெய் குடுக்கோணும். இன்னிக்கே" என்று அப்பாவிடம் சொன்னாள்.

"என்னுங்க அண்ணி, நீங்களே இப்படிச் சொன்னா? தண்ணி ஊத்தட்டும், அப்புறம் குடுக்கலாமுங்க."

"தண்ணி ஊத்தற வரைக்கும் கண்ணு நிக்காது."

"ஆத்தா கோவிச்சுக்கிட்டா கண்ணோட போகாதுங்க. உசுருக்கே வந்துரும்."

அப்பா கெட்டவர் இல்லை. பிள்ளையின் உயிருக்குப் பயந்தார். அம்மா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து அழுதாள். பெரியப்பாகூட அன்றைக்கு வாய் திறக்கவில்லை. எண்ணெய் கொடுத்துப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், காலத்துக்கும் அது பெரியம்மா தலையில்தான் விடியும்.

கடைசியில் பெரியம்மாவே, "ஆத்தாளையே கேட்டுருலாம். பூக் கேக்கலாம்" என்றாள். அப்பா உடனே சரி என்றார்.

பூக் கேட்பது எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கும் உண்டு, கிணறு வெட்டவும் உண்டு. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ, இரண்டையும் ஒரே மாதிரி கட்டி சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். பொட்டலம் கட்டுகிறவர் நம்பிக்கையானவராக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குப் பெரியம்மாவைவிட யார் இருக்கிறார்கள்? அவள் குளித்துவிட்டு, கிணற்றடி அரளியில் வெள்ளையும் சிவப்பும் பறித்து, பூவரச இலையில் மடித்து, பட்டு நூலால் கட்டிக் கொண்டுவந்தாள். என்னைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். அப்பா பிரித்தார். வெள்ளை.

அப்பா தரையில் விழுந்து கும்பிட்டார். அவர் எழுந்திருப்பதற்குள் மற்றப் பொட்டலத்தைப் பெரியம்மா எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அது எனக்கு மட்டும் தெரிந்தது, நான் குட்டையாக இருந்ததால்.

தம்பிக்கு எண்ணெய் உள்ளே போனது. துப்பத் துப்ப ஊற்றினாள், மூக்கை மூடிக்கொள்ளாமல் ஊற்றினாள். சாயங்காலம் நான் கிணற்றடிக்குப் போனபோது அவள் அரளிச் செடிக்குக் கீழே உட்கார்ந்து, அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, மண்ணில் புதைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்ததும் வெள்ளைப் பூ.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பாத்தயா?"

"இல்லீங்க பெரீம்மா."

"உனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது சாமி" என்றாள். பிறகு கொண்டையில் இருந்த பூவை எடுத்து அரளிச் செடியின் மேல் வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

தம்பி கண் திறந்தான். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, வேப்பிலையைக் காட்டி "பச்சை" என்றான். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இடது கண்ணில் மட்டும் கடுகளவு ஒரு வெள்ளை தங்கிவிட்டது. பார்வைக்குக் குறைவில்லை. தான் ஆத்தாளை ஏமாற்றியதற்கு ஆத்தா போட்ட அடையாளம் அது என்று பெரியம்மா நினைத்தாள். சொல்லவில்லை, ஆனால் அந்தக் கண்ணைப் பார்க்கும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

அதற்குப் பிறகு அவள் தலையில் பூ வைக்கவே இல்லை. பெரியப்பா வழக்கம்போல் வாங்கி வந்தார், அவள் சாமி படத்துக்கு வைத்தாள். தலைவலி வருகிறது என்றாள். புருஷன் உயிரோடு இருக்கும்போது பூ வைக்காத பொம்பளை எங்கள் ஊரில் வேறு யாரும் கிடையாது. கிணற்றடியில் பேசினார்கள், கல்யாண வீடுகளில் ஓரமாக உட்கார வைத்தார்கள். மஞ்சள் தட்டை அவள் கையில் கொடுக்காமல் அடுத்தவளுக்கு நீட்டினார்கள். அவள் பாட்டுக்கு எழுந்து, விருந்துக்கு வந்திருக்கிற குழந்தைகளின் கண்ணைப் பார்க்கப் போய்விடுவாள். எனக்குத்தான் வயிறு எரியும். யாரிடமும் சொல்லவும் முடியாது. சொன்னால் அப்பாவின் நம்பிக்கை போய்விடும், அவள் பட்டதெல்லாம் வீணாகிவிடும்.

சில வருஷம் கழித்து யுத்தம் வந்தது. மீனெண்ணெய்ப் புட்டி சேலத்தில் கிடைப்பது அரிதாயிற்று. பெரியம்மா கிணற்றடியில் இன்னும் ஒரு முருங்கைக் கிளையை வெட்டி நட்டாள். எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். சங்ககிரிப் பக்கத்துப் பையன். நாலு பேர் நடுவில் பெரியம்மா எழுந்துபோய், அவருடைய தாடையைப் பிடித்து, இமையை இழுத்து, "மேல பாருங்க" என்றாள். நல்ல வேளை, அவர் சிரித்துக்கொண்டே மேலே பார்த்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் சரி என்றேன்.

கல்யாணத்தன்று காலையில் மணப்பெண்ணை விளக்கு எடுத்து முன்னால் அழைத்துப் போக வேண்டும். வீட்டுக்கு மூத்த சுமங்கலி பெரியம்மாதான். அம்மா விளக்கை அவளிடம் நீட்டியபோது மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி, "பூ வெக்காத தலையோடவா வெளக்கு எடுக்கறது? நல்லாருக்காதுங்க" என்றாள். பெரியம்மா கோபப்படக்கூட இல்லை. "அதும் சரிதானுங்க. அம்மிணி, நீயே எடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

நான் மணையில் உட்கார்ந்துவிட்டேன். "பெரீம்மா வெளக்கு எடுத்தாத்தான் நான் எந்திரிப்பேன்."

அம்மா கெஞ்சினாள், அப்பா அதட்டினார். பெரியம்மா என் பக்கத்தில் வந்து குனிந்து, "வேண்டுதல் சாமி. ஆத்தாகிட்டச் சொன்னது. அவ சொல்லாம நான் பூ வெக்கக் கூடாது" என்றாள், மெதுவாக.

"அப்ப அவகிட்டயே கேட்டுருலாமுங்க" என்றேன்.

தாம்பாளத்தில் மல்லிகை இருந்தது, செவ்வரளியும் இருந்தது. வெற்றிலை இருந்தது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, இரண்டு பொட்டலம் கட்டினேன். இரண்டிலும் மல்லிகையைத்தான் வைத்தேன். ஆத்தாளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. முதல் தடவையும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும். தெரிந்தே பிள்ளைக்குக் கண்ணைத் திருப்பிக் கொடுத்தவள், ஒரு முழம் பூவுக்கா கணக்குப் பார்க்கப் போகிறாள்?

விளக்குக்கு முன்னால் வைத்துத் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் புதுச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்து, கண்ணை மூடாமல், தன் பாட்டுக்கு ஒன்றை எடுத்துப் பிரித்தான்.

"வெள்ளைங்க பெரீம்மா" என்றான்.

பெரியம்மா அதைப் பார்க்கவில்லை. மற்றப் பொட்டலத்தைத்தான் பார்த்தாள். அதற்குக் கை நீட்டினாள். நான் அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அவள் நீட்டிய கை அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தாள், தம்பியின் இடது கண்ணைப் பார்த்தாள். பிறகு என் முன்னால் தரையில் உட்கார்ந்து, கொண்டையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். தலை பாதி நரைத்துப்போயிருந்தது. ஒரு கை நிறைய வைத்தேன். அவள் தோள் குலுங்கியது. அடுப்படி வாசலில் நின்ற பெரியப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புகை அதிகமாக இருக்கிறது என்றார்.

எழுந்து விளக்கை எடுப்பதற்கு முன் அவள் என் தாடையைப் பிடித்து, கீழ் இமையை இழுத்து, "மேல பாரு சாமி" என்றாள்.

"மை அழிஞ்சுருமுங்க பெரீம்மா."

"அழியட்டும்" என்று பார்த்துவிட்டுத்தான் விட்டாள். பிறகு விளக்கோடு எனக்கு முன்னால் நடந்தாள். இடுப்பில் செருகிய அந்தப் பொட்டலத்தோடுதான் நான் தாலி கட்டிக்கொண்டேன்.